மாமரத்தில் பெரிய கிளையை வெட்டியாயிற்று, காயத்தில் எதைத் தடவுவது?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கும் புரியும். கொல்லையில் 20 வயது மாமரம். மொட்டைமாடிச் சுவரில் இடித்துக்கொண்டிருந்த ஒரு கிளை, தொடை தடிமன் இருக்கும், அதை ஆள் வைத்து வெட்டியிருக்கிறீர்கள். வெட்டிய இடத்தில் பால் வடிகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சாணி அப்பச் சொல்கிறார், ஹார்டுவேர் கடைக்காரர் தார் இல்லாவிட்டால் எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார், நர்சரிக்காரர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை என்கிறார். எதைக் கேட்பது?

மாமரத்துக்கு, நம் ஊர் வெயிலிலும் மழையிலும், இந்த மூன்றில் ஒன்று என்றால் போர்டோ பசைதான். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். முப்பது வருடமாக மரங்களோடு புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், காயத்தில் என்ன தடவினோம் என்பது மரத்துக்கு இரண்டாம்பட்சம். ரம்பம் எந்த இடத்தில் இறங்கியது, எந்த மாதத்தில் இறங்கியது, வெட்டு எவ்வளவு பெரியது, இந்த மூன்றும்தான் அந்த மரம் இன்னும் நாற்பது வருடம் நிற்குமா, உள்ளே உளுத்துப்போய் ஒரு காற்றில் முறியுமா என்பதைத் தீர்மானிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நமக்குக் கையில் வெட்டுப்பட்டால் அதே இடத்தில் புதுச் சதை வளர்ந்து, தோல் மூடி, கொஞ்ச நாளில் தழும்பு மட்டும் மிஞ்சும். மரத்தில் அது நடப்பதே இல்லை. வெட்டுப்பட்ட கட்டை வெட்டுப்பட்டதுதான், அந்தத் திசு திரும்ப உயிர் பெறாது. மரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காயத்துக்கு உள்பக்கம் ரசாயனச் சுவர்கள் எழுப்பி, அழுகல் பூஞ்சை அதைத் தாண்டி வராமல் அந்தப் பகுதியை அடைத்துவிடும். இரண்டு, காயத்தின் விளிம்பிலிருந்து புதுக்கட்டையும் பட்டையும் உருண்டு வந்து மேலே மூடும். மூடிவிட்டால் வெளியே பார்க்க ஆறிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே பழைய காயம் அடைத்த அறைக்குள் கிடக்கிற பொருள் மாதிரி மரம் சாகும்வரை அப்படியே இருக்கும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்து வைக்கிறது. இது மனதில் தெளிவாகிவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

இதைத் தெளிவாகக் கண்டு சொன்னவர் அமெரிக்க வனத்துறையில் விஞ்ஞானியாக இருந்த அலெக்ஸ் ஷைகோ (1930–2006). மரத்தை வழக்கம்போல் குறுக்கே அறுத்து வட்டத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், மோட்டார் ரம்பத்தை வைத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தார், அதுவும் ஆயிரக்கணக்கான மரங்களை. 1977-ல் வெளிவந்த ஒரு சிறு வெளியீட்டில் தான் கண்டதை நான்கு சுவர்களாக விளக்கினார். முதல் சுவர் அழுகல் மேலும் கீழும் ஓடாமல் தடுப்பது, மரம் தன் நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்வதால் வருவது, நான்கில் பலவீனமானது இதுதான். இரண்டாவது சுவர் மையத்தை நோக்கிப் போவதைத் தடுக்கும். மூன்றாவது பக்கவாட்டில் பரவுவதைத் தடுக்கும். நான்காவதுதான் கோட்டைச் சுவர்: காயம் பட்ட பிறகு, பட்டைக்கு அடியில் இருக்கிற கேம்பியம் என்ற மெல்லிய வளரும் அடுக்கு புதிதாகக் கட்டுவது. காயம் பட்ட நாளில் இருந்த கட்டைக்கும், அதற்கப்புறம் வளரப்போகிற கட்டைக்கும் நடுவே போடுகிற எல்லைக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை என் கண்ணாலேயே பார்த்தேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில் பெரிய நாட்டு மாமரம் ஒன்று இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிணற்றுப் பக்கம் சாய்ந்த கிளையை, அடிமரத்தோடு ஒட்ட, வழவழவென்று வெட்டினார்கள், மேலே தாரும் பூசினார்கள். பார்க்க சுத்தமாக இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரி, அந்த மரம் வேரோடு சாயவில்லை, ஆள் உயரத்துக்கு மேல் முறிந்தது, முறிந்த இடம் அந்தப் பழைய வெட்டு இருந்த இடமேதான். விறகுக்கு அறுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். நடுவே முறம் அகலத்துக்குக் காப்பிப்பொடி நிறத்தில் கட்டை பொலபொலவென்று உதிர்ந்தது, கையால் அள்ளலாம். அதைச் சுற்றிப் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்கு வெளியே, கையளவு தடிமனுக்கு, பழுப்பே ஏறாத நல்ல கட்டை. அந்த உளுத்த வட்டம் எவ்வளவு அகலமோ, கிளையை வெட்டிய வருடத்தில் மரம் அவ்வளவு அகலம்தான் இருந்திருக்கும். அதற்கப்புறம் வளர்ந்ததை மரம் காப்பாற்றிவிட்டது, அதற்கு முன்னால் இருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு நான்கு விரல் தள்ளி வெட்டியிருந்தால் அந்த மரம் இன்றைக்கும் நின்றிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்த நான்கு விரல் எங்கே? உங்கள் மரத்திலேயே வேறொரு கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைப் போய்ப் பாருங்கள். மேல்பக்கம், கிளைக்கும் மரத்துக்கும் இடையிலான கவட்டில், பட்டை நெருங்கிப் புடைத்து ஒரு கறுத்த வரப்பு மாதிரி ஓடும். கீழ்ப்பக்கம் கிளையின் அடியில் மோதிரம் போட்ட மாதிரி கொஞ்சம் தடித்திருக்கும். இதைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கழுத்து கிளையுடையது அல்ல, தாய்மரத்துடையது. கிளை செத்தால் அழுகல் உள்ளே வராமல் தடுக்கிற ஏற்பாடு முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. அதனால் வரப்புக்கு வெளியே தொடங்கி, கழுத்தை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். பெரும்பாலும் வெட்டு நேர்க்குத்தாக வராது, கீழே போகப்போக மரத்தை விட்டு வெளியே கொஞ்சம் சாய்ந்து வரும்.

அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் கழுத்தும் போய்விடும், காயமும் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும், பூஞ்சைக்கு நேராக அடிமரத்துக்குள் வாசல் திறந்துவிட்ட மாதிரி. நீளமாக முட்டு (மரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற கிளைத்துண்டு) விட்டு வெட்டினாலும் தப்புதான், அந்த முட்டுக்கு இலை கிடையாது, சோறு போட ஆளில்லை, செத்துப்போய் உளுக்கும், அது உதிரும்வரை புதுப்பட்டை மூட முடியாமல் காத்துக்கொண்டிருக்கும். ஏறும்போது கால் வைக்க வசதி என்று முட்டு விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, அந்த வசதிக்கு மரம் விலை கொடுக்கிறது. முட்டில் ஏற்கெனவே கழுத்துப்பட்டை உருண்டு ஏறியிருந்தால், செத்த முட்டுக் கட்டையை மட்டும் அந்த உருளை வரைக்கும் வெட்டுங்கள், உயிரோடிருக்கும் உருளையில் ரம்பம் படக் கூடாது.

கை மணிக்கட்டு தடிமனுக்கு மேல் போகிற எந்தக் கிளையையும் ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. பாதி அறுத்ததும் கிளை தன் பாரத்தில் முறிந்து, அடிமரப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கும், வெட்டுக்காயத்தைவிட அந்த உரிசல்தான் கொடுமை. மூன்று வெட்டு: கழுத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழேயிருந்து மேலே, கால்வாசி அல்லது மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே மேலேயிருந்து இரண்டாவது வெட்டு, இப்போது கிளை முறிந்தாலும் பட்டை அடிவெட்டோடு நின்றுவிடும். பாரம் இறங்கிய பிறகு மிச்சமுள்ள முட்டுக் கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்தை ஒட்டி மூன்றாவது வெட்டு, ரம்பத்தால், நிதானமாக. பெரிய கிளைக்கு அரிவாள் வேண்டாம். அரிவாள் கொத்தினால் விளிம்பு முழுக்கச் சிதையும், புதுப்பட்டை உருள வேண்டியது அந்த விளிம்பிலிருந்துதான்.

வெட்டு சரியாக விழுந்ததா என்பதை ஒரு வருடம் கழித்து மரமே காட்டிவிடும், இதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல வெட்டு என்றால் காயத்தைச் சுற்றி முழு வட்டமாக, மெதுவடை மாதிரி, எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் புதுப்பட்டை உருண்டிருக்கும். ஒட்ட வெட்டியது என்றால் இரண்டு பக்கமும் மட்டும் தடித்து, மேலேயும் கீழேயும் ஒன்றுமே வராமல், ஒரு நீளக் கண் மாதிரி இருக்கும். அந்தக் கண்ணின் மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் நேராகப் பட்டை செத்திருக்கும், தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும். தெருவில் நடக்கும்போது வேம்பிலும் புங்கத்திலும் தூங்குமூஞ்சியிலும் பாருங்கள், பத்தில் எத்தனை வடை, எத்தனை கண் என்று எண்ணினால் அந்த ஊரில் மரம் வெட்டுகிறவர்களின் பழக்கம் தெரிந்துவிடும்.

இனி பூச்சு. தார், எனாமல் பெயிண்ட், கிரீஸ், எஞ்சின் ஆயில் எல்லாம் நம்மிடம் நடக்கிறது. கண்ணுக்கு மூடிய மாதிரி தெரிவதால் மனசுக்கு ஒரு நிம்மதி. ஆனால் அழுகல் பூஞ்சையின் விதைத்தூள் காற்றில் எங்கும் இருப்பது, ரம்பம் இறங்கிய கொஞ்ச நேரத்தில் காயத்தில் வந்து உட்கார்ந்துவிடும். மேலே தார் பூசினால் அதைக் கொல்வதில்லை, உள்ளே வைத்துப் பூசிவிடுகிறோம். வெயிலில் கட்டை சுருங்கும், தார் வெடிக்கும், வெடிப்பு வழியே மழைத்தண்ணீர் இறங்கும், இறங்கிய தண்ணீர் சீக்கிரம் காயாது. பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. ஷைகோவும் அவர் கூட வேலை பார்த்தவர்களும் வெட்டுக்காயங்களுக்குப் பூச்சு போட்டும் போடாமலும் வருடக்கணக்கில் வைத்து, பிறகு பிளந்து பார்த்தார்கள், பூச்சு அழுகலைத் தடுக்கவில்லை என்றுதான் தெரிந்தது. நம் வேளாண் பரிந்துரைகளிலேயே தாரும் மண்ணெண்ணெயும் கலந்து மாமரத்தில் தடவச் சொல்வது உண்டே என்று கேட்பீர்கள். அது தண்டுத்துளைப்பான் வண்டு முட்டை வைக்காமலிருக்க அடிமரத்தின் பட்டைமேல் தடவுவது, வெட்டுக்காயத்துக்குச் சொன்னதல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சாணிக்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் ஃபோர்சித் என்பவர், பசுஞ்சாணி, பழைய கட்டடத்துச் சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், மணல் கலந்து ஒரு பூச்சு செய்து, பொந்து விழுந்த மரங்களைக்கூட இது சரிசெய்யும் என்று சொல்லி 1791-ல் புத்தகமே போட்டார். கப்பல் கட்ட ஓக் மரம் தேவைப்பட்ட காலம், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவருக்கு 1,500 பவுண்டு கொடுத்தது. பிறகு தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தோட்டக்கலை அறிஞர், பொந்து பூச்சால் திரும்பக் கட்டையாகாது என்று எதிர்த்து எழுதினார், அவர் சொன்னதுதான் நின்றது. ஆக, சாணியை நம்பியது நாம் மட்டும் அல்ல.

அதற்காகப் பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தள்ளிவிடாதீர்கள், அவர் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முருங்கைப் போத்து நடும்போது தலையில் ஒரு உருண்டை சாணியை அப்பிவிடுவது நம் ஊர்ப் பழக்கம், அது சரியான வேலை. வேர் இல்லாத வெறும் கிளைத்துண்டு அது, மேல்நுனி வழியாக ஈரம் போய்க் காய்ந்துவிடாமல் சாணி பாதுகாக்கும், துளிர் வரும்வரை அது போதும். வேரூன்றி நிற்கிற மாமரத்தின் காயத்துக்கு அந்தத் தேவையே இல்லை. இங்கே நமக்கு வேண்டியது சீக்கிரம் காய்வது, சாணி மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் சாணியும் செம்மண்ணும் மெல்லியதாகப் பூசினால் பெரிய கெடுதல் வராது, கனமாக அப்பிப் பையால் கட்டி வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் பூச்சே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே, ஏன் போர்டோ பசை? அமெரிக்க ஆராய்ச்சி நடந்தது குளிர் நாட்டு மரங்களில், அங்கேயே ஒரு விலக்கு உண்டு. ஓக் வாடல் நோய் இருக்கிற டெக்சஸ், மின்னசோட்டா மாதிரி இடங்களில், வசந்த காலத்தில் ஓக்கை வெட்ட நேர்ந்தால் உடனே பெயிண்ட் அடித்துவிடு என்கிறார்கள், அழுகலைத் தடுக்க அல்ல, புதுக்காயத்தின் வாசனைக்கு வருகிற சிறு வண்டுகள் நோய்ப் பூஞ்சையைக் கொண்டுவராமல் இருக்க. நம் மாமரத்துக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமை. வெட்டிய நுனியிலிருந்து பின்னோக்கிக் கருகிக்கொண்டே வருகிற நுனிக்கருகல் நோய் இங்கே சாதாரணம், காயத்தைத் தேடி வந்து முட்டை வைக்கிற துளைப்பான் வண்டும் உண்டு. வயதான மாந்தோப்புகளைக் கவாத்து செய்து புதுப்பிக்கும்போது வெட்டிய முனைகளில் காப்பர் ஆக்சி குளோரைடு பசை தடவச் சொல்வது இதனால்தான். தாமிரம் உள்ள பூச்சு பூஞ்சையை மேற்பரப்பில் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், மரம் தன் சுவரைக் கட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தார் மாதிரி காற்றை அடைத்துப் படலமாக உட்காருவதில்லை என்பது இன்னொரு நன்மை.

வீட்டளவுக்குப் பசை செய்வது இப்படி. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நல்ல நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் மொத்தம் 1 லிட்டர். மயில்துத்தத்தைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் முதல் நாள் ராத்திரியே ஊறவையுங்கள், பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும், இரும்புச் சட்டியில் கரைத்தால் தாமிரம் இரும்பில் படிந்து மருந்து வீணாகும். சுண்ணாம்பைத் தனியாக அரை லிட்டரில் கரைத்து வடிகட்டி, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள். வானநீலத்தில் குழகுழவென்று வரும். ஒரு பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், படியாவிட்டால் சரி. அன்றைக்கே பிரஷ்ஷால் தடவி முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். கையுறை போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள், மிச்சத்தை மீன் வளர்க்கிற தொட்டியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள், தாமிரம் மீனுக்கு விஷம். இவ்வளவு சிரமப்பட முடியாது என்றால் கடையில் காப்பர் ஆக்சி குளோரைடு தூள் வாங்கித் தண்ணீரில் குழைத்துத் தடவினாலும் போதும்.

தடவுவதற்கு முன் இன்னொன்று. மாம்பால் தோலைப் புண்ணாக்கும், முகத்தில் தெறித்தால் நாள் கணக்கில் எரியும், அதனால் வடிகிற பாலை வெறுங்கையால் துடைக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் வடிதல் தானாக நின்று காயம் மேலே உலரும், அதற்கப்புறம் பூசினால்தான் பசை பிடிக்கும். ஓரத்தில் பட்டை கிழிந்து தொங்கினால், கூர்மையான கத்தியால் தொங்குகிற பட்டையை மட்டும் நறுக்குங்கள், கட்டையோடு ஒட்டியிருப்பதைத் தொடாதீர்கள், காயத்தை அழகான வடிவத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று பெரிதாக்க வேண்டாம்.

எந்த மாதம் என்பதை நம் ஆட்கள் யோசிப்பதே குறைவு. தமிழ்நாட்டில் மாமரத்துக்கு அறுப்பு முடிந்த கையோடு, ஜூலை ஆகஸ்டில், கவாத்து செய்வது நல்லது. காயம் காய வெயில் இருக்கும், வெட்டிய பிறகு வருகிற துளிர் டிசம்பர் ஜனவரியில் பூ எடுப்பதற்குள் முற்றிவிடும். அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் காயம் காயவே காயாது. வடநாட்டில் வயதான மாமரங்களை டிசம்பரில் தலை வெட்டச் சொல்வார்கள், அது அங்கே உள்ள குளிரை வைத்துச் சொன்னது, அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பூ எடுக்கிற நேரத்தில் மரத்தை வெட்டியவர்களாவோம். அடர்ந்த கிளைகளை ஒரேயடியாக எடுத்தால் இதுவரை நிழலில் இருந்த பட்டையில் நேர் வெயில் அடித்து வெடிக்கும், அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கலாம். ஒரு வருடத்தில் மரத்தின் தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்க வேண்டாம், காயத்தை மூடுவதற்கான சாப்பாடு அந்த இலைகளிலிருந்துதான் வர வேண்டும்.

எல்லா மரமும் ஒன்றுபோல் சுவர் கட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முருங்கை, மயில்கொன்றை மாதிரி மென்கட்டை மரங்கள் சீக்கிரம் அழுகும், அவற்றில் பெரிய வெட்டே விழாமல் சின்னதிலேயே திருத்திவிட வேண்டும். இரண்டு அங்குலத்துக்குள் இருக்கிற வெட்டை ஆரோக்கியமான மரம் தானே பார்த்துக்கொள்ளும், பூச்சே தேவையில்லை. நான்கு அங்குலம் தாண்டினால் மூட வருடங்கள் ஆகும். முருங்கை கொஞ்சம் தனி ரகம், விதை போட்டு வளர்க்கிற செடிமுருங்கையை அறுப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டிவிட்டால் நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும், சிம்பு, அதாவது வெட்டிய இடத்தில் கிளம்புகிற புதுக்கிளை, அவ்வளவு வேகம். ஆனால் தலையைச் சமமாக வெட்டினால் மழைத்தண்ணீர் அதில் தேங்கி நடுவே அழுகி இறங்கும், சாய்வாக வெட்டினால் வடிந்துவிடும். மாதுளை, எலுமிச்சை வைத்திருப்பவர்கள் ஒரு செடியை முடித்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் போங்கள், மாதுளையில் பாக்டீரியா கருகல் கத்தரி வழியே தோப்பு முழுக்கப் பரவும்.

தென்னைக்கு இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது. தென்னை, பனை வகைகளுக்குக் கேம்பியமே கிடையாது, காயத்தின் மேல் புதுக்கட்டை உருண்டு மூடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படி, மரம் இருக்கும்வரை வெட்டாகவே இருக்கும், அதில் தண்ணீர் தங்கிச் சாறு வடிதல் நோய் வர வாய்ப்பாகும். மட்டை வெட்டுவதிலும் நேர் எதிர்: மாமரத்தில் முட்டு விடாதே என்றேன், தென்னையில் பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நான்கு அடி, அதாவது 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டிய பச்சை முனையின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும், புழு மட்டைக்குள் குடைந்துகொண்டு வரும், நான்கு அடி தள்ளியிருந்தால் தண்டை எட்டுவது கஷ்டம். கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சாயாமல் தப்பிய தென்னைகளில், தொங்கிய மட்டைகளைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒட்ட நறுக்கியவர்கள் சிலர் கொஞ்ச மாதத்தில் குருத்தையும் இழந்தார்கள்.

பொந்து விழுந்த மரத்தில் செங்கல்லும் சிமெண்டும் போட்டு அடைப்பதும் நடக்கிறது. மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது, இரண்டும் உரசி, மரம் கட்டி வைத்த சுவரே உடையும். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் அதே தப்புதான், தளர்ந்து விழுகிறதை மட்டும் கையால் எடுங்கள், தண்ணீர் வடியட்டும் என்று துளை போடாதீர்கள், அந்தத் துளை நல்ல கட்டைக்கு அழுகலைக் கூட்டிக்கொண்டு போகிற வழியாகிவிடும்.

இப்போது உங்கள் மரம். முதலில் ஏணி வைத்து ஏறி வெட்டைப் பாருங்கள், கழுத்து மிச்சமிருக்கிறதா, முட்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா. முட்டு இருந்தால் ரம்பத்தால் கழுத்து வரைக்கும் எடுத்துவிட்டு, உலர விட்டு, பசை தடவுங்கள். ஒட்ட வெட்டியிருந்தால் இனி வெட்டில் செய்ய ஒன்றுமில்லை, பசை தடவுங்கள், மழை தொடங்குவதற்கு முன் இன்னொரு முறை தடவுங்கள். தூரிலிருந்து மூன்று அடி தள்ளி வட்டமாகத் தண்ணீர் விட்டு, காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள், யூரியாவை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், சிம்பு கண்டபடி வெடிக்கும். காயத்தைச் சுற்றி வருகிற சிம்பில் வெளிப்பக்கம் பார்க்கிற இரண்டை விட்டு மற்றதைப் பிஞ்சிலேயே விரலால் கிள்ளிவிடுங்கள். மாதம் ஒருமுறை கீழே மரத்தூள் மாதிரி ஏதாவது கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் துளைப்பான் வந்துவிட்டது, அதை அன்றைக்கே கவனிக்க வேண்டும். வெட்டை நேர் எதிரில் நின்று ஒரு படமும், பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து அனுப்பினால், கழுத்து எங்கே இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிறேன்.